கைப்பிடியில் கீறல் இல்லாத துப்பாக்கி

கேள்வி: பழைய அமெரிக்க வானொலியில் கௌபாய் நாடகங்கள் நிறைய வந்தனவாம். அவற்றில் கொள்கையுள்ள ஒரு துப்பாக்கி வீரனைப் பற்றிய தொடர் ரொம்ப நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அது எந்தத் தொடர்? துப்பாக்கிச் சண்டையைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பதில் என்ன இருக்கிறது? கேட்க நினைப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

நீங்கள் கேள்விப்பட்டது இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று, 1953-இல் என்.பி.சி. வானொலியில் தொடங்கிய 'தி சிக்ஸ் ஷூட்டர்'. மற்றது, 1958-இல் சி.பி.எஸ். வானொலியில் தொடங்கிய 'ஹேவ் கன், வில் டிராவல்'. இரண்டிலும் கதாநாயகன் பேர்போன துப்பாக்கி வீரன். இரண்டு பேருமே சுடுவதைக் கடைசி வழியாக வைத்திருப்பவர்கள். ஆனால் அப்படி வைத்திருப்பதற்கான காரணம் இருவருக்கும் வேறு வேறு. அதனால் இரண்டைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் 'தி சிக்ஸ் ஷூட்டர்'. ஆறு குண்டு போடும் ரிவால்வருக்கு அமெரிக்க மேற்குப் பகுதியில் வழங்கிய பெயர் அது. கதாநாயகன் பிரிட் பான்செட். குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஆமாம், ஹிட்ச்காக் படங்களில் நாம் பார்த்திருக்கும் அதே ஸ்டூவர்ட்தான். ஹாலிவுட்டின் முன்னணி நட்சத்திரம், ஆஸ்கர் வாங்கியவர், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அப்படிப்பட்டவர் வாரா வாரம் ஒரு அரைமணி நேர வானொலி நாடகத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார். 1953 செப்டம்பர் 20 அன்று தொடங்கி 1954 ஜூன் 24 வரை, மொத்தம் 39 பகுதிகள். எழுதியவர் ஃபிராங்க் பர்ட், இயக்கியவர் ஜாக் ஜான்ஸ்டோன்.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அறிவிப்பாளர் இந்த ஆளை வர்ணிப்பார். குதிரைச் சேணத்தில் இருப்பவன் நெடுங்கால்காரன், வெயிலில் தோல் பழுப்பேறிப் போனவன். இடுப்பு உறையில் இருக்கும் துப்பாக்கி சாம்பல் நிற எஃகு, வானவில் நிறம் காட்டும் முத்துச்சிப்பிக் கைப்பிடி. அப்புறம் ஒரு சின்னத் தகவல் வரும்: அந்தக் கைப்பிடியில் ஒரு அடையாளமும் இல்லை.

முதல் தடவை கேட்டபோது இதை நான் கவனிக்கவே இல்லை. நாலைந்து பகுதிகள் கேட்ட பிறகுதான் உறைத்தது. துப்பாக்கி வீரர்கள் ஒவ்வொரு ஆளைக் கொன்றதும் கைப்பிடியில் ஒரு கீறல் போடுவார்கள் என்பது மேற்குப் பகுதிக் கதைகளில் பழகிப்போன வழக்கம். எத்தனை கீறலோ அத்தனை பெயர். பான்செட்டின் துப்பாக்கியில் ஒன்றுகூட இல்லை. அவன் யாரையும் சுடாதவன் என்று இதற்குப் பொருள் இல்லை. தேவைப்பட்டால் சுடுவான், குறியும் தப்பாது. ஆனால் சுட்டதை எண்ணி வைத்துக்கொள்வதில்லை. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவன். ஒரு மனிதனின் குணம் முழுவதையும் ஒரு கைப்பிடியைக் காட்டியே சொல்லிவிட்டார்கள். காட்டியே என்றாலும் நாம் அதைப் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்கிறோம். வானொலி நாடகத்தின் அழகு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பான்செட்டுக்கு நிரந்தர வேலை கிடையாது. ஸ்கார் என்ற குதிரையில் ஊர் ஊராகப் போகிறான். கிடைத்த இடத்தில் மாடு ஓட்டுவான், நண்பர்களைப் பார்க்கப் போவான், வழியில் யாராவது ஒரு சிக்கலில் இருப்பார்கள். அவன் பெயர் மட்டும் அவனுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதுதான் அவனுடைய தொல்லை. மதுக்கடையில் போய் அமைதியாக உட்கார்ந்தால், யாரோ ஒருவனுக்கு இவனோடு மோதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஊர்க்காரர்கள் தங்கள் பகையைத் தீர்க்க இவனைக் கருவியாக்கப் பார்ப்பார்கள். இதையெல்லாம் பான்செட்டே தன் வாயால், நடந்து முடிந்த ஒன்றை நம்மிடம் நினைவுகூர்கிற மாதிரி சொல்கிறான்.

இங்கேதான் ஸ்டூவர்ட்டின் குரல் வேலை செய்கிறது. அவர் பேசுவது தெரியும்தானே. ஒரு சொல்லைத் தொடங்கி, நிறுத்தி, கொஞ்சம் தடுமாறி, வேறு சொல்லுக்குப் போவார். திரைப்படத்தில் அது அவருடைய பாணி என்று கடந்துவிடுவோம். வானொலியில் அந்தத் தயக்கமே பாத்திரமாகிவிடுகிறது. துப்பாக்கி எடுக்கக்கூடிய ஒருவன், எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதை நாம் நேரடியாகக் கேட்கிறோம். எதிரில் நிற்கும் ஆத்திரக்காரனிடம் அவர், 'இப்போது… இங்கே பாரப்பா…' என்கிற தோரணையில் இழுத்து இழுத்துப் பேசும்போது, அந்த ஒவ்வொரு இழுப்பும் ஒரு உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று தோன்றும். வேகமாகப் பேசும் நடிகர் யாரும் இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

விளம்பரதாரர் விஷயத்திலும் ஸ்டூவர்ட் ஒரு முடிவு எடுத்தார். அடுப்பு, ஹீட்டர் தயாரிக்கும் கோல்மன் நிறுவனம் தொடக்கத்தில் சில பகுதிகளுக்குப் பணம் கொடுத்தது. பிறகு செஸ்டர்ஃபீல்ட் சிகரெட் நிறுவனம் முன்வந்தது. சிகரெட் விளம்பரம் தன் திரைப் பெயருக்குப் பொருந்தாது என்று ஸ்டூவர்ட் சம்மதிக்கவில்லை. அதனால் தொடரின் பெரும்பகுதி விளம்பரதாரர் இல்லாமலே ஒலிபரப்பானது. தொடர் ஒரே பருவத்தோடு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் இன்றைக்குக் கேட்கும்போது கதையின் நடுவே சிகரெட் பாட்டு குறுக்கிடாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்றும் நினைத்துக்கொள்வேன்.

எல்லாப் பகுதிகளும் துப்பாக்கிக் கதைகள் அல்ல. சிரிக்க வைப்பவை உண்டு, மனதைக் கலங்க வைப்பவையும் உண்டு. 1953 டிசம்பர் 20 அன்று ஒலிபரப்பான கிறிஸ்துமஸ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு சிறுவனை பான்செட் வழியில் சந்திக்கிறான். திட்டுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, இழுத்துக்கொண்டு போய் வீட்டில் விடுவதும் இல்லை. சிறுவனுக்கு ஒரு கதை சொல்கிறான். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய அந்தக் கருமிக் கிழவனின் கிறிஸ்துமஸ் கதைதான். ஆனால் லண்டனுக்குப் பதில் அமெரிக்க மேற்கு, வியாபாரிக்குப் பதில் மாட்டுப் பண்ணை முதலாளி என்று சிறுவனுக்குத் தெரிந்த உலகத்துக்கு மாற்றிச் சொல்கிறான். அரைமணி நேரத்தில் ஒரு தோட்டாகூட வெடிக்காது. துப்பாக்கிக்குப் பேர்போன ஒரு மனிதன் கதை சொல்லியே ஒரு பிள்ளையின் மனதைத் திருப்புகிறான். ஸ்டூவர்ட்டுக்கும் அந்தக் கதை பிடித்துப்போயிருக்க வேண்டும். 1957-இல் அதைத் தொலைக்காட்சிக்காகத் தானே இயக்கி நடித்தார்.

சரி, இந்த மாதிரி நாடகம் திடீரென்று எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லாவிட்டால் இந்தத் தொடர்களின் அருமை புரியாது.

வானொலியில் கௌபாய் என்றால் முதலில் குழந்தைகளுக்கான சரக்குதான். 1933-இல் டெட்ராய்ட் நகரத்து டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தில் 'தி லோன் ரேஞ்சர்' தொடங்கியது. முகமூடி, வெள்ளைக் குதிரை, வெள்ளித் தோட்டா. அவனுக்கும் கொள்கை உண்டு: கொல்வதற்காகச் சுட மாட்டான், எதிரியின் கையிலிருந்து துப்பாக்கியைத் தட்டிவிடத்தான் சுடுவான். நல்ல கொள்கைதான். ஆனால் அந்தக் கொள்கைக்காக அவன் ஒருநாளும் எதையும் இழப்பதில்லை. சுட்டால் குறி தப்பாது, யாரும் சாக மாட்டார்கள், மனச்சாட்சிக்கு வேலையே இல்லை.

1952 ஏப்ரல் 26 அன்று சி.பி.எஸ். வானொலியில் 'கன்ஸ்மோக்' தொடங்கியபோது இது மாறியது. நார்மன் மெக்டானல் தயாரித்து இயக்கினார், பெரும்பாலான கதைகளை ஜான் மெஸ்டன் எழுதினார். கன்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியின் மார்ஷல், அதாவது ஊரில் சட்டத்தைக் காக்கும் அதிகாரி, மேட் தில்லனாக வில்லியம் கான்ராட். பெரியவர்களுக்கான கௌபாய் நாடகம் என்ற வகை அங்கிருந்துதான் வேர்விட்டது. தில்லன் சுட்டால் ஆள் சாவான். செத்தவனுக்கு ஒரு மனைவியோ அம்மாவோ இருப்பாள், அவள் வந்து தில்லன் முன்னால் நிற்பாள். சில பகுதிகளில் அவனால் யாரையும் காப்பாற்ற முடியாமல் போகும். அந்தத் தோல்வியோடு தெருவில் நடந்து போகும் காலடிச் சத்தத்தோடு கதை முடியும்.

காலடி என்றதும் ஒலிக் கலைஞர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணக்கில் இந்த நாடகங்களில் பாதி அவர்களுடையது. 'கன்ஸ்மோக்'கில் ரே கெம்பர், டாம் ஹான்லி, பில் ஜேம்ஸ் என்று மூன்று பேர் இருந்தார்கள். ஸ்டுடியோவுக்குள் வெற்றுத் தோட்டாவைச் சுட்டால் மைக்கில் அது தட்டையாக விழும், வெட்டவெளியின் எதிரொலி இருக்காது. ஆகவே வெளியே போய் உண்மையான துப்பாக்கிகளைச் சுட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். இன்றைக்கும் அந்த வெடிச்சத்தம் திடுக்கிட வைக்கிறது. மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் ஏறுவது ஒரு மாதிரி, அங்கிருந்து மண் தெருவில் இறங்குவது வேறு மாதிரி. ஆள் நடக்கும் வேகத்துக்கு ஏற்ப ஸ்பர் என்கிற குதிமுள் கிணுகிணுக்கும். தூரத்தில் ஒரு நாய் குரைக்கும், யாரோ ஒருவர் வாளியைக் கீழே வைப்பார். அவற்றை யாரும் வசனத்தில் குறிப்பிட மாட்டார்கள். ஆனால் ஊர் நம் காதுக்குள் எழுந்து நிற்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். கண்ணால் பார்க்காத துப்பாக்கிச் சண்டையில் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்து கோல்ட் (Colt) நிறுவன ரிவால்வரைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1873-இல் வந்த அந்த மாடலில் ஒவ்வொரு தடவை சுடுவதற்கு முன்னும் பின்பக்கத்துச் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். வெறும் விசையை அழுத்தினால் சுடாது. மெல்ல இழுத்தால் கடகடவென்று நான்கு சின்னச் சொடுக்குகள் கேட்கும். ஒலிக் கலைஞருக்கு இது கடவுள் கொடுத்த வரம். வெடிச்சத்தம் ஒரு நொடியில் முடிந்துவிடுகிற விஷயம். அந்தச் சொடுக்கோ 'இன்னும் சுடவில்லை, ஆனால் சுடலாம்' என்று சொல்கிறது. அதற்கும் வெடிக்கும் இடையில் உள்ள அமைதியில்தான் பான்செட்டும் தில்லனும் வாழ்கிறார்கள். திரையில் இந்த இடத்தில் கேமரா கண்களைக் காட்டும், கையைக் காட்டும், நாமும் 'யார் முந்துவார்' என்றுதான் பார்ப்போம். வானொலியில் யார் முந்துவார் என்று பார்க்க வழியே இல்லை. மூச்சுச் சத்தமும் பேச்சும்தான் இருக்கின்றன. ஆகவே 'இவன் சுடுவானா, சுட்டால் அது நியாயமா' என்ற கேள்விக்குள் நாம் தள்ளப்படுகிறோம். வேகத்தைக் காட்ட முடியாத ஊடகம் மனச்சாட்சியைக் காட்டக் கற்றுக்கொண்டது என்பேன். கொள்கையுள்ள துப்பாக்கி வீரனுக்கு வானொலியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று நான் நம்புவது இதனால்தான்.

இப்போது 'ஹேவ் கன், வில் டிராவல்'. 'துப்பாக்கி கைவசம் உண்டு, எங்கும் வரத் தயார்' என்று பொருள். கதாநாயகன் தன் விசிட்டிங் கார்டில் அச்சிட்டு வைத்திருக்கும் வாசகம் இது. நடுவில் சதுரங்கக் குதிரையின் படம், கீழே 'பாலடின், சான் பிரான்சிஸ்கோ' என்ற முகவரிக்குத் தந்தி அடிக்கச் சொல்லும் குறிப்பு. பாலடின் என்பது ஐரோப்பியப் பழங்கதைகளில் சார்லமேன் மன்னனின் வீரர்களுக்கு உரிய பெயர்.

இந்தத் தொடர் பிறந்ததே தலைகீழாக. வானொலியில் வெற்றி பெற்றதைத் தொலைக்காட்சிக்கு எடுத்துப்போவதுதான் அன்றைய வழக்கம். 'கன்ஸ்மோக்' 1955-இல் அப்படித்தான் போனது. குரலால் தில்லனை உருவாக்கிய கான்ராட்டை விட்டுவிட்டு ஜேம்ஸ் ஆர்னஸைப் போட்டார்கள். தில்லனாகத் திரையில் நிற்க கான்ராட்டின் பருத்த உடல் ஒத்துவராது என்று நினைத்துவிட்டார்கள். 'ஹேவ் கன்' தொடரோ சாம் ரோல்ஃப், ஹெர்ப் மெடோ இருவரும் உருவாக்கி 1957 செப்டம்பரில் தொலைக்காட்சியில் தொடங்கியது. ரிச்சர்ட் பூன் நடித்தார். முதல் பருவத்திலேயே நாட்டில் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சிகளில் நான்காவது இடம். அந்த வெற்றியைப் பார்த்து, 1958 நவம்பர் 23 அன்று சி.பி.எஸ். அதை வானொலிக்குக் கொண்டுவந்தது. வானொலி நாடகமே சரிந்துகொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் வந்தும் 1960 நவம்பர் 27 வரை 106 பகுதிகள் ஓடியது.

வானொலிப் பாலடின் ஜான் டேனர். இவரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. இளமையில் டிஸ்னி ஸ்டுடியோவில் அனிமேஷன் வேலை பார்த்தவர், பிறகு வானொலிச் செய்திப் பிரிவில் இருந்தவர். 'கன்ஸ்மோக்'கில் வாரம் ஒரு முகமாக வந்தவர்: ஒரு வாரம் கொலைகாரன், இன்னொரு வாரம் பாவப்பட்ட கிழவன். அவர் குரலில் படித்த மனிதனின் தெளிவும் இருக்கும், அடியில் ஒரு கத்தியும் இருக்கும். 1958-இல் 'ஃபிரான்டியர் ஜென்டில்மேன்' என்ற தொடரில் ஜே.பி. கெண்டல் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளராக நடித்தார். லண்டன் டைம்ஸுக்காக அமெரிக்க மேற்கைச் சுற்றி எழுதுகிறவர் கெண்டல். நவம்பர் 16 அன்று அந்தத் தொடர் முடிந்தது. அடுத்த ஞாயிறு அதே டேனர் பாலடினாக வந்து நின்றார். ஒரே வாரத்தில் பத்திரிகைக்காரரிலிருந்து துப்பாக்கியை வாடகைக்கு விடுபவராக மாறினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். தொலைக்காட்சியில் ரிச்சர்ட் பூன் செய்ததை அவர் காப்பியடிக்கவும் இல்லை. பூனின் பாலடினில் முரட்டுத்தனம் தூக்கல். டேனரின் பாலடின் குளிர்ந்தவன், கோபம் வரும்போது குரல் உயராது, தாழும்.

அறிவிப்பாளர் இடத்தையும் காலத்தையும் சொல்வார்: சான் பிரான்சிஸ்கோ, 1875, கார்ல்டன் ஹோட்டல். அங்கே பாலடின் நல்ல உடையில், நல்ல சாப்பாட்டோடு, சதுரங்கமும் ஆப்பராவும் ரசித்துக்கொண்டு வாழ்கிறான். நாடகத்தையும் கவிதையையும் மனப்பாடமாக எடுத்துவிடுவான். செய்தித்தாளில் ஏதாவது படிப்பான், அல்லது ஒரு தந்தி வரும். உடனே கார்டை அனுப்புவான். கறுப்பு உடைக்கு மாறிக் கிளம்புவான்.

அவன் கேட்கும் கூலி பல சமயம் 1000 டாலர். அந்தக் காலத்தில் மாடு ஓட்டும் ஒரு கௌபாய்க்கு மாதம் 30, 40 டாலர் கிடைத்தால் பெரிது. அதாவது ஒரு தொழிலாளியின் இரண்டு வருடச் சம்பளம். இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு துப்பாக்கியோடு வருகிறவனைக் கூலிப்படை என்றுதானே சொல்வோம்? தொடர் இந்த இடத்தில்தான் தன் ஆட்டத்தை ஆடுகிறது. பாலடின் பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவான். அங்கே போனால், பணம் கொடுத்தவர் சொன்ன கதை வேறு, நடந்தது வேறு. நிலத்தைப் பறித்தவரே புகார் கொடுத்திருப்பார், கொலைகாரன் என்று துரத்தச் சொன்ன ஆள் ஒரு பாவமும் அறியாதவனாக இருப்பான். அப்போது பாலடின் தன் முதலாளிக்கு எதிராகவே திரும்பிவிடுவான். அவனுடைய ஒப்பந்தம் நியாயத்தோடு, ஆளோடு அல்ல. காசில்லாதவர்களுக்குக் காசு வாங்காமலும் வேலை செய்வான்.

பான்செட்டின் நல்லதனம் இயல்பானது, யாரும் கேட்காமலே வரும். தில்லனுக்குச் சட்டத்தின் சட்டை உண்டு, பதவி இருக்கிறது. பாலடினுக்கு இரண்டும் இல்லை. சந்தையில் நிற்கும் ஒருவன், விலை சொல்லும் ஒருவன், ஆனாலும் ஒரு எல்லைக்கு மேல் விலைபோகாதவன். கொள்கை என்ற சொல்லுக்கு மூன்று பேரிலும் அவனிடம்தான் அதிகச் சோதனை என்று எனக்குப் படுகிறது.

இங்கே ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்ல்டன் ஹோட்டலில் பாலடினுக்குத் தந்தியும் செய்தித்தாளும் கொண்டுவந்து தருபவர் 'ஹே பாய்' என்று அழைக்கப்படும் ஒரு சீனப் பணியாளர். தொலைக்காட்சியில் அந்தப் பாத்திரத்தைச் சீன அமெரிக்க நடிகர் காம் டோங் செய்தார். வானொலியில் செய்தவர் பென் ரைட், லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். ஹே பாயின் காதலி மிஸ் வாங் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் வர்ஜினியா கிரெக், அவரும் வெள்ளையர். இருவரும் திறமையான நடிகர்கள்தான். ஆனால் கொச்சை ஆங்கிலத்தில், ராகம் போட்டுப் பேசும் அந்தப் பேச்சு இன்றைக்குக் காதில் குத்துகிறது. 'ஏய் பையா' என்று கூப்பிடுவதையே ஒருவருக்குப் பெயராக வைத்திருப்பதும் அப்படித்தான். கதை நடப்பதாகச் சொல்லப்படும் 1875-இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனர்களின் நிலைமை உண்மையில் மிக மோசம். கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் பெரும்பாலும் அவர்கள் உழைப்பில்தான் போட்டார்கள், 1869-இல் அது முடிந்தது. 1877-இல் அதே நகரத்தில் அவர்கள் குடியிருப்புகளைக் கும்பல் தாக்கியது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். பாலடின் ஹே பாயை மதிக்கிறான், அவருக்கு ஆபத்து என்றால் எழுந்து நிற்கிறான் என்பது உண்மை. ஆனால் அவருடைய குரலை இன்னொருவர் வாயிலிருந்துதான் கேட்கிறோம். பூர்வகுடி அமெரிக்கர் பாத்திரங்களுக்கும் இதே கதிதான், அது இந்த ஒரு தொடரின் குறை மட்டும் அல்ல. தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இன்னொரு சின்னக் குறை. முதல் வருடப் பகுதிகளில் பல, தொலைக்காட்சிக் கதைகளை அப்படியே வானொலிக்கு மாற்றியவை. திரையில் கண்ணால் காட்டியதை இங்கே யாராவது வாயால் சொல்ல வேண்டியிருக்கும். 'அதோ அவன் மலை மேல் ஏறுகிறான்' என்பது போன்ற வசனங்கள் தட்டுப்படும். வானொலிக்கென்றே எழுதிய கதைகள் வரத் தொடங்கியதும் தொடர் நிமிர்ந்துவிடுகிறது. ஒலிக் கலைஞர் என்று மேலே சொன்ன ரே கெம்பரே சில கதைகள் எழுதினார். காதுக்கு என்ன வேண்டும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். இரண்டு தொடர்களின் பதிவுகளும் நல்ல நிலையில் பிழைத்திருக்கின்றன, இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் மேற்கத்திய உச்சரிப்பு முதலில் கொஞ்சம் பிடிபடாது. ஸ்டூவர்ட் நிதானமாகப் பேசுவதால் 'தி சிக்ஸ் ஷூட்டர்'தான் எளிது. முதல் பகுதியிலிருந்தே போகலாம், 39-தான், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் பகுதியை மட்டும் டிசம்பருக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் 'கன்ஸ்மோக்'கில் பத்துப் பதினைந்து, எந்த வரிசையிலும் கேட்கலாம். காது பழகிவிடும். அதன் பிறகு பாலடினிடம் போங்கள், 1959-இன் பிற்பகுதியிலிருந்து எடுப்பது நல்லது. வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள். நான் அப்படித் தொடங்கித்தான் முதல் நாலைந்து பகுதிகளை வீணாக்கினேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இயர்போன் போட்டுக்கொண்டு கேட்டால், சேணத்தின் தோல் கிறீச்சிடுவதுகூட விழும்.

பாலடினின் கடைசிப் பகுதியைக் கடைசியாகவே கேளுங்கள். 1960 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை, சி.பி.எஸ். தன் பகல்நேர வானொலித் தொடர்களில் மிஞ்சியிருந்தவற்றையும் நிறுத்தியது. இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை பாலடினின் முறை. தொலைக்காட்சிப் பாலடின் 1963 வரை சுற்றிக்கொண்டே இருந்தான், அவனுக்கு முடிவு என்று ஒன்றை எழுதவே இல்லை. வானொலிப் பாலடினுக்கு எழுதினார்கள். கிழக்கே ஒரு சொத்து அவன் பெயருக்கு வந்திருக்கிறது என்று சேதி வருகிறது. இத்தனை நாள் மற்றவர்களின் தந்திக்குக் கிளம்பியவன், இந்த முறை தன் சொந்தக் காரியமாக பாஸ்டனுக்குக் கிளம்புகிறான். கார்ல்டன் ஹோட்டலில் இனி அவனுக்குத் தந்தி கொண்டுவர வேண்டிய வேலை ஹே பாய்க்கு இல்லை.